இரண்டாவது சீல்

முரளி,

நேபாள எல்லையில், ரக்சாலில் குளிர் எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கினால் அது நடிப்பாகிவிடும். அதையெல்லாம் காலையில்தான் போனில் கேட்டேன், நீயும் "பரவால்லப்பா" என்றாய். இது நம் வண்டியில், இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் இருக்கும் ஃபைலுக்குள் உன்னிடம் வருகிறது. உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவி, கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் போதுமா என்று கேட்டு வைத்துவிட்டேன். எழுத்தில் அப்படித் தாவ முடியாது. முப்பது வருடமாகக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதிக் காகிதம் எழுதியே பிழைத்தவன் நான். என் வாயை விட என் கை கொஞ்சம் நேர்மையானது.

போன வாரம் நடந்ததிலிருந்து சொல்கிறேன். நேபாளத்துக்குப் போன பம்ப் லோடில் எடை தப்பாக ஏறியிருந்து, எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பம்ப் கம்பெனி மேலாளர் உன்னையும் என்னையும் ஒரே போன் அழைப்பில் பிடித்துக்கொண்டு, "டிரைவர் வழியில ஏதாவது பண்ணிட்டானா?" என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. பழக்கதோஷம், முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து, "டிரைவர் மேல ஒண்ணும் இல்ல சார். தப்பு எங்க ஆபீஸ்ல. திருத்தக் கடிதம் குடுத்துட்டேன், சாயந்திரம் வண்டி போயிடும்" என்றாய். அவ்வளவுதான். அவர் இரண்டு நிமிடம் திட்டினார், நீ கேட்டுக்கொண்டாய். சாயந்திரம் வண்டி போய்விட்டது. உனக்கு அது ஒரு விஷயமே இல்லை. போனை வைத்த பிறகு நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு அதே எல்லை, அதே கம்பெனி, அதே கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் வேறு.

மறுநாள் உன் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வந்தது. அதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய்: "ஏழுமலை மாமா பேரு எங்க?" நான் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் சொன்னது உன் காதில் விழுந்திருக்கும். "திருட்டுப் பையன் பேரு என் புள்ள பத்திரிகைல வேணாம்." கூடப் பிறந்த தம்பியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னாள். அவன் மடியில் உன்னை உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம். திருநின்றவூர்ப் பெண் வீட்டார் வந்து, "தாய்மாமன் யாருங்க?" என்று கேட்டபோது, "அவரு வெளியூர்ல இருக்காரு" என்று நான்தான் சொன்னேன். பழவேற்காடு என்ன வெளியூரா? இங்கிருந்து ஒரு மணி நேரம்.

முரளி, உன் மாமன் திருடவில்லை. அந்தச் சீலை வெட்டியவன் நான்.

இனிமேல் வருவதை நீ மட்டுமல்ல, உனக்கு மனைவியாக வரப்போகும் பெண்ணும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் தொழில் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன். சரக்கை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் லாரியின் தாழ்ப்பாளில் ஒரு சீல் போடுவோம். விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஆணி, அதன் தலையில் ஒரு நம்பர். ஒரு தடவை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும். அந்த நம்பரை எல்லாக் காகிதத்திலும் எழுதுவோம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அதிகாரி சரக்கைப் பார்ப்பதற்கு முன் அந்த நம்பரைத்தான் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால், இங்கே கம்பெனிக்காரர் கண்ணெதிரே சாத்திய கதவு வழியில் திறக்கவில்லை என்று பொருள். வேறாக இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நடுவில் இருப்பது டிரைவர் ஒருவர்தானே.

அன்றைக்கு உனக்குக் கல்லூரி கவுன்சலிங். காலையில் உன்னை அண்ணா நகர் வரை கூட்டிப்போனேன். காரில் உன் காலடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? காலை வைக்க இடமில்லை என்று முனகிக்கொண்டே அதன் மேலேயே காலை வைத்துக்கொண்டு வந்தாய். அது நேபாளம் போக வேண்டிய பேரிங் பெட்டி. லேபிள் கிழிந்திருந்ததால் புதிதாக ஒட்ட முந்தின நாள் ஆபீசுக்கு எடுத்து வந்தேன். ஒட்டினேன். திருப்பிக் கொண்டுபோய் ஏற்றத்தான் மறந்தேன். நான் உன்னோடு கவுன்சலிங் வரிசையில் நின்ற நேரத்தில் கம்பெனியில் லோடு ஏற்றி, எண்ணாமலே கையெழுத்துப் போட்டு, சீலும் போட்டு வண்டியை அனுப்பிவிட்டார்கள். ஓட்டியது ஏழுமலை. சொந்த வண்டி இல்லை, வாடகை வண்டிதான். ஆனால் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நேபாள லோடு என்றால் அவனைத்தான் கேட்பார்கள். படகை விட்டு ஸ்டியரிங் பிடித்தவன், ஒரு நாள் கூட வண்டியைத் தாமதமாகக் கொண்டுபோனதில்லை.

மத்தியானம் உன்னை வீட்டில் இறக்கிவிடும்போதுதான் பெட்டியைப் பார்த்தேன்.  ஏழுமலைக்குப் போன் போட்டேன். சூலூர்பேட்டை தாண்டப் போகிறேன் என்றான். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் காரை விரட்டினேன். நேராகக் கம்பெனிக்குப் போய், "சார், ஒரு பெட்டி விட்டுப் போச்சு, சீல் மாத்தணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பெட்டி ஏன் என் காரில் இருந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நெடுஞ்சாலை ஓரத்து வெல்டிங் கடையில் கட்டர் வாங்கி, கம்பெனி போட்ட சீலை நானே வெட்டினேன். பெட்டியை உள்ளே வைத்தேன். என் பையிலிருந்த வேறொரு சீலைப் போட்டேன். ஏழுமலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, பேப்பர்ல நம்பர மாத்த வேணாமா? அங்க கேப்பானுங்களே."

"நான் ஆபீஸ் போய் மாத்தி மெயில் அனுப்பிக்கிறேன். நீ கெளம்பு."

"மறந்துடாதீங்க மாமா. பேஜாராப் பூடும்."

மறந்துவிட்டேன் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. நம்பரை மாற்ற வேண்டுமானால் ஒரு பக்கத்தில் திருத்தக் கடிதம் எழுத வேண்டும், ஏன் மாற்றினேன் என்று காரணம் எழுத வேண்டும், கம்பெனிக்கு நகல் போகும். எவன் உற்றுப் பார்க்கப்போகிறான் என்று விட்டுவிட்டேன். காகிதத் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. உற்றுப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? அவர் பார்த்தார். அவர் வேலையைச் சரியாகச் செய்தார். வண்டி நின்றது.

ஆறாம் நாள் காலை என்னைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் மேசை மேல் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் ஏழுமலை. இந்தப் பக்கம் மேலாளர், ஸ்டோர்ஸ்காரர், செக்யூரிட்டி அதிகாரி, நான். அவன் குரலில் பயமே இல்லை. நான் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் நிம்மதி கூட வந்துவிட்டது.

"மாமா, வந்துட்டீங்களா? நீங்களே சொல்லுங்க மாமா. சூலூர்பேட்டைல நீங்க வந்து சீல் மாத்தினீங்களே, அத்தச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். அந்தக் கம்பெனிதான் அப்போது நம் பிழைப்பில் பாதி. உன் கல்லூரிக்கு அட்மிஷன் போட்டு ஒரு வாரம் கூட ஆகவில்லை. இதை உன் தலையில் வைப்பதற்காகச் சொல்லவில்லை, முரளி. நீ இல்லாவிட்டாலும் வேறு ஒரு காரணத்தைத் தேடியிருப்பேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

"இங்க போட்டது ஒரு சீல்தான் சார். அதுக்கப்பறம் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

 கத்துவான், என்னைத் தோலுரிப்பான் என்று காத்திருந்தேன். வெல்டிங் கடைக்காரனைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் மாட்டியிருப்பேன். அவன் சொன்னது இரண்டே வார்த்தை.

"சரிங்க மாமா."

அக்கா வீடு கெட்டுவிடக் கூடாது என்று அவன் விழுங்கிக்கொண்ட அந்த வார்த்தையில்தான் நாம் ஒன்பது வருடம் சோறு தின்றிருக்கிறோம்.

பதினேழு நாள் அவனை எல்லைச் சாவடி லாரி நிறுத்தத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, பிரித்து, எண்ணி, எடை போட்டார்கள். ஒரு திருகாணி கூடக் குறையவில்லை. குறையாததால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஊர் வாய் அப்படியா விடும்? பித்தளைச் சாமானை எடுக்கச் சீலை வெட்டியவன் பயந்து திரும்பப் பூட்டிவிட்டான் என்று பேசினார்கள். அவன் திரும்பி வந்தபோது கம்பெனி வாசல் செக்யூரிட்டி அறையில் அவன் லைசென்ஸ் நகலை ஒட்டி, 'உள்ளே விடக் கூடாது' என்று எழுதியிருந்தார்கள். எஸ்டேட்டில் ஒரு வாசலில் ஒட்டினால் பத்து வாசலில் ஒட்டின மாதிரி. வாசலுக்குள் போக முடியாத டிரைவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? பழவேற்காட்டுக்கே போய், விட்டு வந்த படகில் மறுபடி ஏறினான்.

அம்மாவுக்கு நான் சொன்ன கதையும் அதேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நான் அதைப் பரிமாறியும் வைத்தேன். "உப்பத் துன்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்" என்று அவள் தம்பியைச் சொன்னபோது, உப்பைத் தின்றவன் எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். அடுத்த பொங்கலுக்கு அவன் சீர் கொண்டு வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, அவளுக்கு ஒரு புடவை. வாசலில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். நீ ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய், மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவன் கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். சாயந்திரம் நீ அதைத்தான் கடித்துக்கொண்டு, "யாருப்பா வாங்கினது?" என்று கேட்டாய். மார்க்கெட்டில் வாங்கியது என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போனேன். ஏரிக்கரையில் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

"வாங்க மாமா. நாஷ்டா ஆச்சா?"

ஆச்சு என்றேன். ஆகவில்லை. அங்கேயும் ஒரு பொய். பிறகு மணலில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். நாலு வார்த்தையில் கையமர்த்திவிட்டான்.

"இத்த எங்கிட்ட ஏன் மாமா சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. நான்தான பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்."

"முரளி கல்யாணத்துக்கு நீ வரணும், ஏழுமலை."

"வண்டி போனது போவட்டும். அந்த லாரி ஸ்டாண்டுல கெடந்தது கூட போவட்டும். அக்கா பேசாத போச்சே மாமா, அத்தத்தான் என்னால தாங்க முடியல. நீங்க உங்க வாயால அக்கா கிட்ட சொல்லுங்க. பையன் கிட்டயும் சொல்லுங்க. அப்பறம் அவங்க கூப்டா வரேன். நீங்க கூப்டு வரமாட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். கிளம்பும்போது ஒரு பையில் நண்டு போட்டு நீட்டினான். வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. வண்டியில் அவனே மாட்டிவிட்டான்.

அம்மாவிடம் அன்று மத்தியானமே சொன்னேன். நண்டைக் கழுவிக்கொண்டிருந்தவள், எங்கே வாங்கியது என்று கேட்டாள். அங்கிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றே அழைத்தவள்.

"பொங்கலன்னிக்கு எந்தம்பி வாசல்ல நிக்கச் சொல்லோ நான் கதவச் சாத்தினேனே, அப்ப நீ எங்க இருந்த?"

"கூடத்துல டிவி பாத்துக்கினு இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு, புடவை கூட மாற்றாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். "நீ வராத" என்றாள். மறுநாள் சாயந்திரம்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒன்பது வருடமாக இல்லாத ஏதோ இருந்தது. ப்ரூஃபை எடுத்து என் முன்னால் வைத்து, "மொதல்ல மாமன் பேரு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை. கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

நேற்று கம்பெனிக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன். சீலை வெட்டியது நான், பொய் சொன்னது நான், டிரைவர் குற்றமற்றவர். ஒரே பக்கம். அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியதும் ஒரே பக்கம்தான். வட்டி போட்டு இன்று உனக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. தொழில் இப்போது உன் பெயரில் இருக்கிறது. உன்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கேட்டிருந்தால், நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாயா என்று என் மனது ஒரு மூலையில் காத்திருக்கும். அதனால் கேட்கவில்லை. இந்த ஃபைல் உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், லோடை நிறுத்தியும் இருக்கலாம். அதற்காக உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

வெளியே வரும்போது செக்யூரிட்டி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த நகல் இன்னும் இருந்தது. தீயணைப்பு நோட்டீசுக்கும் காலண்டருக்கும் அடியில், பாதி முகம் தெரிய, மை வெளிறி. காவலுக்கு இருந்தவர் புதியவர். அதைக் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"யாரு சார் இது?"

"என் மச்சான்."

"இன்னா பண்ணாரு?"

"அவன் ஒண்ணும் பண்ணல" என்றேன். ஒன்பது வருடமாக என் தொண்டையில் இருந்த வார்த்தை, யாரென்றே தெரியாத ஒருவரிடம் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவரே நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள். ஆபீசில் நீ எங்கே உட்காருகிறாயோ அதற்கு எதிரே ஒட்டினாலும் சரி. நாம் மேசையில் உட்கார்ந்து செய்யும் தப்புக்கு ரோட்டில் நிற்பவன் பதில் சொல்கிறான். இந்தத் தொழிலில் உனக்குச் சொல்லித்தர என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஒரு காரியம் செய். நீ இருக்கும் இடத்திலிருந்து எல்லைச் சாவடி லாரி நிறுத்தம் பக்கம்தானே. அங்கே போய் நில். உன் மாமன் பதினேழு நாள் கிடந்த இடம் அது. அங்கிருந்து அவனுக்குப் போன் பண்ணி, "மாமா, என் கல்யாணத்துக்கு வாங்க" என்று கூப்பிடு. அம்மா கூப்பிட்டாயிற்று. நீ கூப்பிட்டால் வருவான். மணவறையில் உனக்கு மாலை போட வேண்டியவன் அவன். அன்றைக்கு நான் எங்கே நிற்க வேண்டும் என்பதை நீயும் அவனும் பேசி முடிவு செய்யுங்கள், சொல்கிற இடத்தில் நிற்கிறேன்.

நம்பரை அம்மாவிடம் வாங்கிக்கொள். என்னிடம் இல்லை. அவன் "சரிங்க மாமா" என்று சொன்ன அன்றைக்கே, கம்பெனி வாசலைத் தாண்டுவதற்குள் அழித்துவிட்டேன்.

உன் அப்பா